பல வருடம் இணையத்தில் மட்டுமே பழகிய வலைப்பதிவர்களை நேரில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்ததா? அப்படி ஒரு சந்திப்புக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

ஏமாற்றமெல்லாம் இல்லை. ஆனால் நேரில் பார்த்துப் பழகிய பிறகு எங்களால் ஒழுங்காகச் சண்டை போட முடியாமல் போய்விட்டது. எனக்கு அதில்தான் வருத்தம்.

நான் மும்முரமாக எழுதியது 2007, 2008 வாக்கில். தமிழில் வலைப்பதிவு வைத்திருந்த பெரும்பாலானோர் அப்போது தமிழ்மணம் திரட்டியில்தான், அதாவது எல்லாருடைய பதிவுகளையும் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தளத்தில்தான் கிடப்போம். புதிய இடுகைகள் ஒரு பக்கம் வரும், யாருடைய இடுகைக்குப் புதிதாகப் பின்னூட்டம் (கமெண்ட்) விழுந்திருக்கிறது என்பது இன்னொரு பக்கம் வரும். பின்னூட்டம் விழ விழ இடுகை முகப்பிலேயே நிற்கும் என்பதால் ஆளாளுக்கு இடுகையை அங்கிருந்து இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று துண்டு போடுவார், கும்மி, அதாவது பின்னூட்ட அரட்டை, தொடங்கிவிடும். அமெரிக்காவில் இருப்பவர் தூங்கப் போனதும் சிங்கப்பூர்க்காரர் ஆபீஸில் உட்கார்ந்தபடி தொடர்வார். நிஜப் பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் அவர் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்பது தெரியும்.

சென்னையில் சந்திப்பு என்றால் அடிக்கடி கூடும் இடம் மெரினா காந்தி சிலை. மண்டபம் பிடிக்க வேண்டாம், காசு வசூலிக்க வேண்டாம். "இன்டர்நெட்ல பழகினவங்களைப் பார்க்கப் போறேன்" என்றால் எங்கள் அம்மா விடுவாரா? தம்பியைத் துணைக்கு அனுப்பினார். சிலைக்குப் பின்னால் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததுமே இவர்கள்தான் என்று தெரிந்துவிட்டது. கல்லூரிப் பையனும் ரிட்டயர்டு ஆனவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அப்புறம் அறிமுகப் படலம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்ட வீராவேசமான புனைபெயரை நடுக்கடற்கரையில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தெரியும். சுண்டல் விற்ற பையன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். தம்பி இன்றைக்கும் என்னை அந்தப் பெயரில்தான் கிண்டல் செய்கிறான்.

எழுத்தும் ஆளும் ஒன்றா என்று எல்லாரும் கேட்பார்கள். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இல்லை. பதிவில் ஊரையே வறுத்தெடுப்பவர் அன்று மாலை முழுக்க வாயே திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. தாய்மொழிவழிக் கல்வி விஷயத்தில் எனக்கும் ஒரு பதிவருக்கும் மாதக்கணக்காக மோதல். நான் ஒன்று எழுத, அவர் எதிர்ப்பதிவு போட, அதற்கு நான் புள்ளிவிவரம் தேடி ராத்திரியெல்லாம் விழித்திருக்க. அந்த வாதத்தில் நான் கற்றுக்கொண்டது நிறைய. அவர்தான் அன்று எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். இருட்டியதும், "பஸ் வர்ற வரைக்கும் நிக்கிறேம்மா" என்று எங்களோடு நின்றார். அடுத்த வாரம் அவர் ஓர் இடுகை போட்டார். எனக்குத் துளியும் ஒப்புதல் இல்லாத இடுகை. காரமாக நாலு பத்தி தட்டினேன். அனுப்பக் கை வரவில்லை. 'சில இடங்களில் மாறுபடுகிறேன் சார், மற்றபடி நல்ல அலசல்' என்று முடித்துக்கொண்டேன். அவரும் அப்புறம் என் பக்கம் வந்து 'அருமை, தொடருங்கள்' என்றே எழுதிவிட்டுப் போனார். எங்களுக்குள் மட்டுமல்ல, சந்தித்துக்கொண்ட பலருக்கும் இதே கதைதான். 'பகிர்வுக்கு நன்றி' என்ற பின்னூட்டத்தில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

இன்னொரு சங்கடம், வந்தவர் வராதவர் கணக்கு. சந்திப்பு முடிந்த ராத்திரியே படத்தோடு ரிப்போர்ட் வந்துவிடும். யார் யாரோடு உட்கார்ந்திருந்தார் என்று பார்த்து வெளியூர்க்காரர்கள் குழு பிரிப்பார்கள்.

2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் நடந்த வலைப்பதிவர் பட்டறை எனக்குப் பிடித்த வகை. தமிழில் தட்டச்சுவது, பதிவு தொடங்குவது என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், கூடியதற்கு ஒரு காரியம் இருந்தது. பிற்பாடு ஈரோடு, மதுரை, புதுக்கோட்டை என்று ஊர் ஊராகப் பெரிய விழாக்கள் நடந்தன. மேடை, பொன்னாடை என்று வந்துவிட்டால் எனக்கு ஒட்டாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் ஏன் தொடர்ந்து போனேன் என்றால், யாருக்காவது ஆபரேஷன் என்று பணம் கேட்டு ஒருவர் எழுதினால், 'அவரை எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன்' என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள்.

அதனால் தாராளமாகப் போங்கள். பொது இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படத்தைப் போடலாமா, நிஜப் பெயரை எழுதலாமா என்பதை ரிப்போர்ட் எழுதப்போகிறவரிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், ராத்திரி கெஞ்சுவதில் பயனில்லை. யாரோடாவது பெரிய வாதம் பாதியில் நின்றால், போவதற்கு முன் அதை எழுதி முடித்துவிடுங்கள்.