அம்மாவின் தலைக்கு சி.டி. போதாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. இதய வால்வு மாற்றியதால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு நாட்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து பின்தலையில் அடிபட்டது. அன்றே எடுத்த சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை. ஆனால் ஸ்கேன் மையத்தில் அறிமுகமான ஒருவர், “சி.டி. ஐம்பது வருடப் பழைய முறை, எம்.ஆர்.ஐ. எடுங்கள், விலையைக் குறைத்துத் தருகிறேன்” என்கிறார். எடுக்கலாமா? - வாசகர், ஈரோடு

பதில்: இப்போது வேண்டாம். அடிபட்ட அன்றைக்கு எடுக்க வேண்டிய ஸ்கேனைத்தான் உங்கள் மருத்துவர் எடுத்திருக்கிறார்.

சி.டி. பழையதுதான். லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், 1971 அக்டோபர் 1 அன்று, மூளைக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக எடுத்தார்கள். கருவியை உருவாக்கியவர் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு. உடன் நின்றவர் கதிரியக்க மருத்துவர் ஆம்ப்ரோஸ். நீளத்துக்கு 80, அகலத்துக்கு 80 கட்டங்கள் மட்டுமே கொண்ட சொரசொரப்பான படம். ஆனாலும் கட்டி தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி குத்தி, மூளை நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளி நாள்கணக்கில் தலைவலியிலும் வாந்தியிலும் துடிப்பார். தலையில் அடிபட்டவருக்கு இரத்தம் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று தெரியாமல் மண்டையோட்டில் துளை போட்டுத் தேடியதும் உண்டு. அந்தத் தேடலுக்கு முடிவு கட்டியது சி.டி.

இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. புதிய இரத்தம் சி.டி. படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் விடை கிடைக்கும். எம்.ஆர்.ஐ.க்கு இருபது, முப்பது நிமிடங்கள் அசையாமல் படுக்க வேண்டும். அடிபட்டுக் குழம்பிப்போன முதியவரை அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்துப் பாருங்கள், புரியும்.

உங்கள் அம்மா விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு, முதல் ஸ்கேன் நன்றாக இருந்தும், மூளையின் மேலுறைக்கடியில் மெல்ல மெல்ல இரத்தம் கசியலாம். அது வெளியே தெரிய வாரங்கள் ஆகலாம். அதற்குள் இரத்தத்தின் வெண்மை மங்கி, இரண்டு மூன்று வாரங்களில் மூளையின் சாம்பல் நிறத்தோடு ஒன்றிவிடும். இருபுறமும் சமமாகக் கட்டியிருந்தால் மூளை ஒரு பக்கம் ஒதுங்கவும் செய்யாது; அவசரமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். சி.டி. வந்த தொடக்க ஆண்டுகளிலிருந்தே கதிரியக்க மருத்துவர்களை ஏமாற்றிவரும் கசிவு இது. ஆகவே அடுத்த இரண்டு மாதங்களில் தலைவலி கூடினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், பகலிலும் தூங்கிக்கொண்டே இருந்தால், “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மறுபடி சி.டி. எடுங்கள். விழுந்த தேதியையும் மாத்திரையின் பெயரையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதன்பிறகும் ஐயம் இருந்து மருத்துவரே எம்.ஆர்.ஐ. கேட்டால் தயங்காதீர்கள்.

மருத்துவர் கேட்க வேண்டும். ஸ்கேன் மையத்து வாசலில் நிற்பவர் அல்ல. நோயாளியை அனுப்புவதற்கு மருத்துவர்கள் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளே தடை செய்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் விதி காகிதத்தில் இருக்கிறது, தரகர் வாசலில் இருக்கிறார். அவர் “குறைத்துத் தரும்” தொகை, முன்பே ஏற்றி வைத்த தொகை. எது தேவை என்பது அவர் கணக்கிலேயே இல்லை. இப்படி அலைக்கழிக்கப்பட்டு, கையிலிருந்த பணமெல்லாம் தீர்ந்த பின் அரசு மருத்துவமனைக்கு வந்துசேரும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

ஸ்கேன் எடுத்த மையத்தில் அறிக்கையோடு முழுப் படங்களும் பதிந்த குறுவட்டைக் கேட்டு வாங்குங்கள். பிலிம் மட்டும் கொடுத்து அனுப்பினால் நகராதீர்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, வால்வில் இரத்தம் உறைந்துவிடலாம். நாளையே, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை செய்து, அந்த அளவோடு இதய மருத்துவரைப் பாருங்கள்.