வெறும் விளையாட்டும் சோறும்தானா பால்வாடி?

கேள்வி: என் மகளுக்கு 3 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊரிலேயே இருக்கும் பால்வாடியில் சேர்த்து மூன்று வாரம் ஆயிற்று. காலையில் வாசலில் நின்று ஒரே அழுகை. சாயங்காலம் ‘இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?’ என்று கேட்டால் ‘விளையாடுனேன்’ என்பாள். சில நாள் ‘முட்டை’ என்று மட்டும் சொல்வாள். இதுவரை ஒரு ‘அ’ கூட எழுதவில்லை. ராத்திரி சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. ‘அது சோறு போடற இடம், படிப்பெல்லாம் அங்க ஏது? டவுன்ல எல்.கே.ஜி. போடு’ என்கிறார் எங்கள் அத்தை. டவுன் பள்ளி வேன் காலை ஏழரைக்கே வந்துவிடுகிறது. நான் தறிக்குப் போகிறவள். என்ன செய்யலாம்?
– நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் அத்தை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் இளவயதில் பார்த்த பால்வாடியில் முதலில் கண்ணில் பட்டது சோறுதான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு 2 வயது தாண்டிய கிராமத்துக் குழந்தைகளையும் அதில் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்று மத்திய அரசு தொடங்கியிருந்தது. அதில் சாப்பாடு, தடுப்பூசி, எடை பார்ப்பது இவற்றோடு முன்பருவக் கல்வியும் உண்டு. ஆனால் பசித்த ஊரில் கல்வி யார் கண்ணுக்குத் தெரியும்? சோறு போடுகிற இடம் என்றே பெயர் நின்றுவிட்டது.

பெயரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பால்வாடியில் வரும் ‘பால்’ நம் பசும்பால் இல்லை. குழந்தையைக் குறிக்கும் வடசொல் அது. மராட்டியத்தில் தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் 1945-இல் போர்டி என்ற கடலோரக் கிராமத்தில் தொடங்கிய பள்ளிகளில் இருந்து வந்த பேச்சு. பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போய் வகுப்பு நடத்தினார்கள். முற்றத்துக்கு அங்கே ‘அங்கன்’ என்று பெயர். அங்கன்வாடி பிறந்தது அப்படித்தான். ஆக, பெயரிலேயே சோறு கிடையாது. இதை அத்தையிடம் நீங்களாகச் சொல்ல வேண்டாம், பேச்சுவாக்கில் வந்தால் சொல்லுங்கள்.

சரி, உங்கள் மகள் அங்கே பகல் முழுக்க என்னதான் செய்கிறாள்?

நேரம் ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும். காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் ஆயா தெருவில் ஒரு நடை போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவார், அல்லது நீங்களே கொண்டுபோய் விடுவீர்கள். முதல் அரைமணி நேரம் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். கட்டைகள், சொப்புச் சாமான், பந்து எனக் கையில் கிடைத்ததை எடுத்து ஆடலாம். டீச்சர் அந்த நேரத்தில் வருகைப் பதிவு போடுவார், செல்போன் செயலியிலும் ஏற்றுவார். பிறகு பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். நகம் வெட்டியிருக்கிறதா, தலை சீவியிருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்று பார்ப்பது, வெளியே வெயிலா மேகமா என்று கேட்பது, ‘உங்க வீட்டுக்கு யார் வந்தாங்க’ என்று பேச்சுக் கொடுப்பது, அப்புறம் கை கால் ஆட்டி ஒரு பாட்டு. தமிழ்நாட்டு மையங்களுக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று மாதத்துக்கு ஒரு கருப்பொருள் வைத்த பாடத்திட்டமே இருக்கிறது. காய்கறி மாதம் என்றால் கதையில் கத்தரிக்காய் வரும், களிமண்ணிலும் கத்தரிக்காய் வரும், தரையில் சாக்பீஸால் வரைவதும் அதுவாகவே இருக்கும். மகள் ‘விளையாடுனேன்’ என்று சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான். அவளைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

பன்னிரண்டு வாக்கில் கை கழுவ வரிசை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வரிசையே பெரிய பாடம். முன்னால் நிற்பவன் முடிக்கும்வரை பொறுக்க வேண்டும், சட்டையை நனைக்காமல் கழுவ வேண்டும். சாப்பாட்டில் திங்கள், புதன், வியாழன் அவித்த முட்டை. செவ்வாய்க்கிழமை சுண்டல் அல்லது பாசிப்பயறு, வெள்ளிக்கிழமை அவித்த உருளைக்கிழங்கு. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், காய் போட்ட புலவு, பருப்பு சாதம் என்று சோறும் நாளுக்கு நாள் மாறும்.

மகள் ‘முட்டை’ என்று சொன்ன நாட்களை ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்று நாட்களில்தான் விழும். கிழமைப் பெயரே தெரியாத பிள்ளைக்கு வாரம் என்று ஒன்று சுற்றி வருவது முட்டையால் பிடிபடத் தொடங்கியிருக்கிறது. நாளைக்கு என்ன, நேற்று என்ன என்பதெல்லாம் அவளுக்கு இனி இந்தத் தட்டை வைத்துத்தான் வரும். நானாக இருந்தால் காலையில் கிளம்பும்போதே ‘இன்னைக்குப் புதன்கிழமை, முட்டை நாள்’ என்று சொல்லி அனுப்புவேன்.

சாப்பிட்டதும் பாய் விரித்துத் தூக்கம். எழுந்து முகம் கழுவி, கொஞ்ச நேரம் கதையோ ஆட்டமோ. மூன்றரை, நான்குக்கு வீடு.

‘அ’ விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இதுதான் பெரிய கவலை என்று கடிதத்திலேயே தெரிகிறது. மூன்று வயதுக் கையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? சாக்பீஸைக் கொடுத்தால் முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துத் தோளிலிருந்து இழுக்கும். மணிக்கட்டும் விரலும் தனித்தனியே வேலை செய்ய இன்னும் பழகவில்லை. ‘அ’ என்பது லேசான எழுத்தும் இல்லை. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுக்குக்கோடு எல்லாம் ஒன்றிலேயே வருகிறது. நாம் அகர வரிசையின் மேல் உள்ள மரியாதையால் அதில் தொடங்குகிறோம். கைக்கு எளிது ‘ட’, ‘ப’ மாதிரி நேர்கோட்டு எழுத்துகள்தான், அதுவும் இன்னும் ஒரு வருடம் கழித்து. இப்போது அந்த விரலுக்கு வேண்டிய பயிற்சி களிமண் உருட்டுவது, பெரிய மணி கோப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது, முட்டை ஓடு உரிப்பது. வீட்டிலும் கொடுக்கலாம்: பட்டாணி உரிக்க, பூண்டுப் பல் பிரிக்க, ஈர மண்ணில் குச்சியால் கோடு போட. டீச்சரிடம் போய் ‘ஸ்லேட்டுல எழுத வைங்க’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெற்றோர் வற்புறுத்தலுக்காகப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைக்கும் மையங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை எழுதுகிறது என்று தோன்றும், எழுதுவது டீச்சரின் கை.

சாயங்காலக் கேள்வியையும் மாற்றுங்கள். ‘என்ன சொல்லிக் கொடுத்தாங்க’ என்பதற்குப் பெரிய பிள்ளைகளே விழிக்கும். ‘உன் பக்கத்துல யார் படுத்தா?’, ‘இன்னைக்கு யார் அழுதா?’, ‘மஞ்சக்கரு சாப்பிட்டியா, வெள்ளை மட்டுமா?’ என்று கேளுங்கள். ஒன்றுக்குப் பதிலாக நான்கு கதை வரும்.

அழுகை. மூன்று வாரம் என்பது நீளமாகத் தோன்றும், ஆனால் வழக்கத்துக்கு மாறானது இல்லை. அதுவும் திங்கட்கிழமை அதிகமாகவும் வெள்ளிக்கிழமை குறைவாகவும் இருந்தால் கவலையே வேண்டாம், லீவு விட்ட இடத்தில் பழக்கம் அறுந்து மறுபடி ஒட்டுகிறது என்று அர்த்தம். நாள் விட்டு நாள் அனுப்பினால்தான் சிக்கல். பிள்ளைக்கு ‘அழுதால் இன்று போக வேண்டாம்’ என்ற கணக்கு பிடிபட்டுவிடும்.

அவள் பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் நைசாக நழுவிவிடும் வேலை மட்டும் கூடாது. அடுத்த நாள் பொம்மையையே தொட மாட்டாள், உங்கள் புடவைத் தலைப்பைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பாள். தினமும் ஒரே வாக்கியம் சொல்லுங்கள். ‘நாலு மணிக்கு வருவேன்’ என்றால் அவளுக்குப் புரியாது. ‘சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்திரிச்சதும் அம்மா வருவேன்’ என்றால் புரியும். தறி ஓட்டத்தில் நீங்கள் வர முடியாத நாளில் யார் வருவார்களோ, அவர் பெயரைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். ஜன்னல் ஓரம் நின்று எட்டிப் பார்க்கும் அம்மாக்களால்தான் பாதி அழுகை நீளுகிறது. உங்கள் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்துப் பையில் வைத்து அனுப்புங்கள், மத்தியானத் தூக்கத்துக்கு உதவும்.

ஆயாவிடம் ஒன்று கேளுங்கள்: ‘நான் போன பிறகு எவ்வளவு நேரம் அழறா?’ பத்து, பதினைந்து நிமிடம் என்றால் விடுங்கள். பகல் முழுக்க ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடவில்லை, வீட்டுக்கு வந்துதான் ஒன்றுக்குப் போகிறாள் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். பல தடவை அது கழிவறையாக இருக்கும். இருட்டு, கதவு சாத்தினால் பயம், அல்லது கால்சட்டையின் பட்டனைத் தானே கழற்ற முடியாமை. எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போட்டு அனுப்புங்கள். சின்ன விஷயம்தான், இதிலேயே பாதிப் பிள்ளைகளின் அழுகை நின்றுபோகும். அடிக்கிறார்கள், பூட்டி வைக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் தயங்காமல் மேற்பார்வையாளரிடமோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் சந்தேகப்படுவது பால்வாடியை இல்லை, நாலு மணிப் பாக்கெட்டை. வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்கடை முறுக்கோ சிப்ஸோ போனால் ஏழு மணிக்குப் பசி இருக்காது. வாழைப்பழம், வேகவைத்த கடலை மாதிரி கொடுத்துப் பாருங்கள். முழு வறுத்த நிலக்கடலை மட்டும் இந்த வயதில் வேண்டாம், தொண்டையில் சிக்கும். மையத்தில் மாதம் ஒரு தடவை எடை பார்ப்பார்கள். வளர்ச்சி அட்டையை வாங்கிப் பாருங்கள். அதில் பச்சைப் பட்டையில் இருக்கிறாளா மஞ்சளிலா என்பதைவிட எடைக் கோடு மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதம் அந்தக் கோடு ஏறாமல் படுத்தே கிடந்தால் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ‘ஏ’ சொட்டு, குடற்புழு மாத்திரை, வருடத்துக்கு இரண்டு தடவை நடமாடும் மருத்துவக் குழுவின் பரிசோதனை எல்லாம் மையத்தை ஒட்டியே நடக்கும். அந்த நாட்களில் லீவு போடாதீர்கள்.

இனி டவுன் வேன். ஏழரைக்கு வேன் என்றால் ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும், அரைத் தூக்கத்தில் ஊட்ட வேண்டும். மூன்று வயதுக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இடம் எங்கும் ஓடிவிடாது. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால் அடுத்த வருடம் அதைப் போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் எல்லாப் பால்வாடியும் தங்கம் என்று அர்த்தமில்லை. விளையாட்டுச் சாமான் முழுக்க பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோ மேல் உட்கார்ந்திருக்கும் மையங்கள் உண்டு. ‘உடைஞ்சா ஆடிட்டுல கேட்பாங்க’ என்பார்கள். ஒரே டீச்சர் இரண்டு மையம் பார்ப்பதும் நடக்கிறது. கர்ப்பிணிகள் கணக்கு, வீட்டுப் பார்வை, தடுப்பூசி நாள், வாக்காளர் பட்டியல் என்று டீச்சர் தலையில் ஏறும் வேலைக்கு அளவே இல்லை. அந்த நாட்களில் பிள்ளைகளைப் பார்ப்பது ஆயா ஒருவர்தான், அவருக்கும் அடுப்பு காத்திருக்கும். சமையல் இடத்துக்குத் தடுப்பு இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா, தெருவுக்குப் போகும் கேட்டில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இது மூன்றும் சரியில்லை என்றால் பாடத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. சாமான் பீரோ மேல் இருந்தால் புகாராகப் பேசாமல், ‘உடைஞ்சா நாங்க நாலு அம்மா சேர்ந்து வாங்கித் தர்றோம் டீச்சர், இறக்கிக் கொடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். இதைச் சொன்ன ஊர்களில் பெட்டி இறங்கியிருக்கிறது.

இந்தப் புதன்கிழமை ஒரு மணி நேரம் தறிக்கு லீவு சொல்லிவிட்டு, பதினொன்றரை வாக்கில் மையத்துக்குப் போங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நிற்காமல், மகள் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து உட்காருங்கள். தட்டில் முட்டையை ஓட்டோடு வைத்தால், அவளே தட்டி உரிக்கிறாளா, இல்லை ஆயாவிடம் நீட்டுகிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.