சமஸ்கிருதத்தைத் தவறாக உச்சரித்தால் பாவமா? இலக்கண நூல்கள் என்ன சொல்கின்றன?

வேள்வியில் பிழை கூடாது. சாதாரணப் பேச்சில் வந்தால் பாவமில்லை. பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்துக்குப் பதஞ்சலி எழுதிய விரிவுரையான மகாபாஷ்யத்தின் முதல் ஆஹ்நிகத்திலேயே, அதாவது முதல் பகுதியிலேயே, அவர் இதைத் தெளிவாக்கிவிடுகிறார்.

பாவம் என்று பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்திரசத்ரு கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்திரனைக் கொல்ல ஒருவன் பிறக்க வேண்டும் என்று த்வஷ்டா என்பவன் வேள்வி செய்கிறான். 'இந்திரசத்ரு' என்பதில் கடைசி அசை உதாத்தமாக (உயர்ந்த குரலில்) இருந்தால் இந்திரனைக் கொல்பவன் என்று பொருள். அவன் முதல் அசையை உதாத்தமாகச் சொல்லிவிட்டதால், இந்திரனால் கொல்லப்படுபவன் என்றாகிவிட்டது. பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். இங்கே ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஸ்வரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் மாறியது.

ஆனால் அதே ஆஹ்நிகத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. சில ரிஷிகள் 'யத்வா ந:, தத்வா ந:' என்று சொல்ல வேண்டியதை 'யர்வாண:, தர்வாண:' என்றே பேசுவார்களாம். அதுவே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. அவர்களை அறிய வேண்டியதை அறிந்தவர்கள் என்றுதான் பதஞ்சலி மரியாதையோடு சொல்கிறார், ஏனென்றால் வேள்வியில் அவர்கள் பிழை செய்யவில்லை. 'ஹே அரய:' (ஏ பகைவர்களே) என்பதை 'ஹேலய:' என்ற அசுரர்களோ வேள்வியிலேயே தவறாகச் சொல்லித் தோற்றார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நியாயம்.

அப்புறம், மகாபாஷ்யத்தில் வரும் உயிரெழுத்து உச்சரிப்புக் குற்றங்களின் பட்டியல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அடிநாக்கில் ஒலி பிடிபட்டால் 'க்ரஸ்தம்'. மூச்சு அதிகமாகிக் குறில் நெடில்போலக் கேட்டால் 'த்மாதம்', நெடில் குறுகிக் கேட்டால் 'அர்தகம்'. ஓகாரமா ஔகாரமா என்று சந்தேகம் வந்தால் 'ஏணீக்ருதம்'. ரிக்வேதத்தின் ஒலியிலக்கண நூலான ரிக்வேதப் பிராதிசாக்கியமும் 14ஆம் படலத்தில் உதடு, தாடை, நாக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. கருவி எதுவும் இல்லாமல் காதாலும் வாயாலும் மட்டுமே செய்த ஆராய்ச்சி! பயமுறுத்தும் கதைகளைவிட இதைத்தான் நாம் பேச வேண்டும்.

பாணினீய சிக்ஷை என்ற உச்சரிப்பு நூல் ஆறு பேரை மோசமாக ஓதுபவர்கள் என்கிறது: ராகம் இழுத்துப் பாடுபவர், அவசரப்படுபவர், தலையை ஆட்டுபவர், எழுதியதைப் பார்த்துப் படிப்பவர், பொருள் தெரியாதவர், குரல் மெலிந்தவர்.

தமிழில் அச்சிட்ட சுலோகப் புத்தகங்களில் க, ச, ட, த, ப-வுக்கு 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துச் சரியான எழுத்தைப் பிடித்துவிடலாம். மூச்சு எவ்வளவு, தாடை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அந்த எண் காட்டாது. அதற்கு, தெரிந்த ஒருவர் சொல்லக் கேட்டு, அவர் எதிரில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.