துணியில் விலங்கு: வரியும் புள்ளியும் வைப்பதற்கு முன் டோனைப் பிடியுங்கள்

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “துணி, பெயிண்ட், நூல் மூன்றையும் கலந்து நம் நாட்டு விலங்குகளை ஏ3 அளவில் பயிற்சிப் படங்களாகச் செய்து வருகிறேன். ஆரஞ்சு காட்டனில் கறுப்பு வரிகளை வெட்டி ஒட்டிய புலி, ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி தட்டையாக இருக்கிறது. தாப்பிர் (கறுப்பும் வெள்ளையுமான காட்டு விலங்கு), இரண்டு துணியை மூட்டி வைத்த மாதிரி தெரிகிறது. பசை மேல்பக்கம் ஊறிவிடுகிறது, பெயிண்ட் பட்ட இடம் விறைத்துப்போகிறது. எங்கே தவறு?”

தவறு வேலை செய்த வரிசையில் இருக்கிறது. வரிகளை முதலில் ஒட்டிவிட்டு, வெளிச்சத்தையும் நிழலையும் கடைசியில் பெயிண்டால் சரிக்கட்டப் பார்த்திருக்கிறீர்கள். ஓர் இடம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு இருட்டு என்ற அளவுதான் டோன். உடம்பின் உருண்டையைக் காட்டுவது அதுதான். வரியும் புள்ளியும் அந்த உருண்டையின் மேல் படிந்து கிடப்பவை. உங்கள் புலியில் ஆரஞ்சு முழுக்க ஒரே டோன், கறுப்பு முழுக்க ஒரே டோன். அதனால் கண்ணுக்கு உடம்பு தெரியவில்லை, டிசைன் மட்டும் தெரிகிறது.

இதில் விலங்கும் நமக்கு எதிராக வேலை செய்கிறது. புலிக்கு முதுகு அடர்ந்த ஆரஞ்சு, வயிறு வெள்ளை. மேலிருந்து வெயில் விழும்போது முதுகு வெளுத்துத் தெரியும், வயிறு நிழலில் கறுக்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, உடம்பு தட்டையாகித் தெரியும். அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896-இல் இதை விளக்கி எழுதினார். காட்டில் விலங்கு ஒளிந்துகொள்ள இது உதவும். படம் செய்பவருக்கு இது தொல்லை. நம் ஊர் நண்பகல் வெயில் உச்சந்தலையில் விழுவதால், அந்த நேரத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வேலை செய்தால் தட்டைதான் கிடைக்கும். உலு கிளாங் தேசிய விலங்குத் தோட்டத்துக்குப் போனால் திறந்தவுடனேயோ மாலையிலோ, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது படம் எடுங்கள்.

அடுத்த வேலைக்கு ஊசியும் வேண்டாம், பசையும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் துண்டுத் துணிகளையெல்லாம் பரப்பி, போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். 1 மிக வெளுப்பு, 5 மிகக் கறுப்பு என்று ஐந்து படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று துணிகளை ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். நிறத்தைப் பார்த்து நாம் போடும் கணக்கு இங்கே தப்பிவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு பலசமயம் 3-இல் போய் உட்காரும், வெளிர் சாம்பல் என்று நினைத்த பளபளப்பான லைனிங் துணி 1-இல் வந்து நிற்கும். புலிப் படத்தையும் இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். வெயில் படும் முதுகில் ஆரஞ்சு 2, கறுப்பு வரி 4. நிழல் பக்கம் ஆரஞ்சு 4, வரி 5. நிழலில் கிடக்கும் வெள்ளை வயிறு 3. அதாவது, வெள்ளை வயிறு வெயிலில் இருக்கும் ஆரஞ்சைவிடக் கறுப்பு. இதை ஏற்றுக்கொள்ளத்தான் மனம் மறுக்கும். வயிறு என்றவுடன் கை வெள்ளைத் துணியை எடுக்கும். அந்தப் பழக்கம் போனால் பாதி வேலை முடிந்தது.

துணிக்குப் பெரிய செலவு வேண்டாம். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம், கோலாலம்பூரில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் ரவிக்கை லைனிங், நெட், சாட்டின் எல்லாம் வெட்டித் தருவார்கள். தையற்காரரிடம் கேட்டால் கழிவுத் துண்டுகளே ஒரு பை கிடைக்கும்.

அடித்துணிக்குக் காடாத் துணி நல்லது. வெந்நீரில் சோப்பு போட்டு அலசி, காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். கஞ்சி போகாத துணியில் பெயிண்ட் உள்ளே இறங்காது, மேலேயே படலமாக நிற்கும். விறைப்புக்குப் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி, பெயிண்டைத் தடிப்பாகப் போடுவது. அக்ரிலிக் பெயிண்டோடு ஃபேப்ரிக் மீடியம் (துணியில் பெயிண்ட் விறைக்காமல் இருக்கக் கலக்கும் திரவம்) சம அளவு கலந்து (புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்), அதன் மேல் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. வரி, புள்ளி எதுவும் இல்லாமல், வழுவழுவென்ற ஒரு களிமண் புலிக்கு வெளிச்சம் அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி முடியுங்கள். படத்தைச் சுற்றி 5 செ.மீ. துணி விடுங்கள். எம்பிராய்டரி வளையத்தில் பூட்டவும் சட்டத்தில் இழுக்கவும் அது வேண்டும்.

பெயிண்டே பிடிக்கவில்லை என்றால் கறுப்பு நெட் துணி போதும். ஆரஞ்சு காட்டன் மேல் ஒரு மடிப்பு நெட் போட்டால் டோன் கொஞ்சம் இறங்கும், இரண்டு மடிப்பு போட்டால் இன்னும் இறங்கும். நிறம் சாகாது, துணியின் மென்மையும் கெடாது. ஏற்கெனவே ஒட்டிவிட்ட உங்கள் புலியைத் தூக்கிப் போடவேண்டாம். நிழல் பக்கத்துக்கும் வயிற்றுக்கும் நெட்டை வெட்டி வைத்து, ஓரங்களைச் சிறு ஓடு தையலால் பிடித்துவிடுங்கள். ஓரம் நேர்க்கோடாக இருந்தால் நெட் தனியாகத் தெரியும். கோணல்மாணலாக வெட்டினால் கரைந்துவிடும்.

இனி வரிகள். புலிகளை ஆராய்கிறவர்கள் காமிராவில் விழும் படங்களைப் பார்த்து, வரிகளை வைத்தே ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டு எண்ணுகிறார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று சொன்னதும் இப்படி எண்ணித்தான். ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஆகவே ஒரு பக்கத்தை வெட்டி மறுபக்கத்துக்குத் திருப்பி வைக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட புலியின் படத்தைப் பார்த்து, எந்த வரி இரண்டாகப் பிரிகிறது, எது நடுவில் அறுந்து நிற்கிறது, எது வளையமாகத் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறைய புலிப் படங்கள் உயிரில்லாமல் போவது, எல்லா வரியையும் ஒரே அகலத்தில் ஒரே இடைவெளியில் போடுவதால்தான்.

வெட்டுவதற்கு முன், அழியும் துணிப் பேனாவால் உடம்பைச் சுற்றி ஏழெட்டு வளைகோடுகள் போடுங்கள்: கழுத்து, தோள், விலா, இடுப்பு, தொடை. வரிகள் அந்த வளைவோடுதான் போகவேண்டும். உடம்பின் விளிம்பை நெருங்க நெருங்க வரி மெலியும், இடைவெளி நெருங்கும். நடுவிலும் விளிம்பிலும் ஒரே இடைவெளி விட்டால், கீழே எவ்வளவு நல்ல டோன் இருந்தாலும் உடம்பு மறுபடி தட்டையாகிவிடும்.

வரிகளுக்கு மூன்று கறுப்பு வையுங்கள். வெயில் பக்கத்துக்குக் கரிச்சாம்பல் காட்டன், நடுவில் கறுப்பு காட்டன், ஆழ்ந்த நிழலுக்குக் கறுப்பு வெல்வெட். முதல் இரண்டையும் இருபக்கமும் ஒட்டும் பசைத்தாள் வைத்து இஸ்திரியில் ஒட்டுங்கள். பசை ஊறும் தொல்லை இதில் பெரும்பாலும் இருக்காது. தாளின் பின்பக்கம் வரைந்தால் உருவம் இடம் வலமாக மாறி வரும் என்பதால், வடிவத்தைத் திருப்பி வரையுங்கள். நைலான் நெட் மேல் இஸ்திரி நேராகப் பட்டால் உருகிவிடும். கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பரை இடையில் வைத்து, ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

ஸ்டிக்கர் தோற்றம் போவது விளிம்பில்தான். உண்மையான வரிக்கு வெட்டிய விளிம்பு கிடையாது. கறுப்பு முடி ஆரஞ்சுக்குள் போகும், ஆரஞ்சு முடி கறுப்புக்குள் வரும். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, வரியின் இரு கரையிலும் 4 முதல் 6 மி.மீ. நீளத்துக்கு நேர்த் தையல் போடுங்கள், இரண்டு நிறத்திலும். முகத்தில் 2 அல்லது 3 மி.மீ. போதும். தையலின் திசை முடியின் திசையாக இருக்கவேண்டும். மூக்குத்தண்டிலிருந்து நெற்றிக்கு மேல்நோக்கியும், விலாவில் பின்நோக்கியும், காலில் கீழ்நோக்கியும் போகும். வரி போகும் திசையிலேயே தைப்பது பலர் செய்யும் தவறு. வரி குறுக்கே ஓடும், முடி நீளவாக்கில் படியும்.

வெட்டி ஒட்டாமலே வரி எடுக்க இன்னொரு வழி, கறுப்பு காட்டனை ப்ளீச்சால் வெளுப்பது. பல கறுப்புச் சாயங்கள் துரு நிறத்துக்கோ ஆரஞ்சுக்கோ இறங்கும்; வரியை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் வெளுத்தால், விளிம்பு தானாகவே மென்மையாக வரும். பாலியெஸ்டர் வெளுக்காது, பட்டும் கம்பளியும் கரைந்து போகும். ஒரு துளி விட்டுச் சோதித்த பிறகே இறங்குங்கள். ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு இரண்டு பங்கு தண்ணீர், நைலான் பிரஷ், கையுறை, காற்றோட்டமான இடம். நிறம் நீங்கள் கேட்ட அளவுக்கு வந்ததும் நிறையத் தண்ணீரில் அலசி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கும் தண்ணீர் பத்துப் பங்கும் கலந்ததில் ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். இல்லாவிட்டால் ப்ளீச் உள்ளேயே இருந்து நூலை அரிக்கும். வினிகரை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும்.

தாப்பிரின் பிரச்சினை வேறு மாதிரி. முன்பாதியும் கால்களும் கறுப்பு, தோளுக்குப் பின்னால் இடுப்பு வரை வெள்ளை. வரியே இல்லை, இரண்டு பெரிய பரப்பு மட்டும். வெள்ளைக்கு மூன்று படி (1, 2, 3), கறுப்புக்கு மூன்று படி (3, 4, 5) என்று பிரியுங்கள். இரண்டுக்கும் பொதுவான அந்த 3-தான் படத்தைக் கட்டிப்பிடிக்கும். வெள்ளையின் அடிவயிறு நிழலில் 3-க்கு இறங்கும், தோளின் கறுப்பு வெளிச்சத்தில் 3-க்கு ஏறும். இரண்டு நிறமும் சந்திக்கும் கோட்டில் ஓரிடத்திலாவது இரண்டு பக்கமும் 3-ஆக வரும்படி வைத்தால், மூட்டுத் தையல் மாதிரி தெரிவது நின்றுவிடும். காது நுனியின் வெள்ளை விளிம்பை மறக்கவேண்டாம், கறுப்புத் தலைக்குள் பார்வை தங்க அது ஒன்றே இடம். குட்டி வேறு அழகு. பழுப்பு உடம்பில் வெளிர்க் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும், சில மாதங்களில் மறைந்துவிடும். அதற்குப் பழுப்புத் துணியில் வெளிர் நூலால் நீள ஓடு தையல் போதும், பசை எதுவும் வேண்டாம்.

அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்தால், கருஞ்சிறுத்தையைச் செய்யச் சொல்வேன். தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகளில் பெரும்பாலானவை கறுப்புதான். ஆனால் புள்ளி வட்டங்கள் அந்தக் கறுப்புக்குள்ளேயே இருக்கின்றன. சாய்ந்த வெயிலிலும் இரவுக் காமிராவிலும் தெரியும். இதை ஒரே ஒரு கறுப்பு வெல்வெட் துணியால் காட்டிவிடலாம். வெல்வெட்டைக் கையால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடுக்கும். வழுக்கும் திசை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் துணி வெளுத்துப் பளபளக்கும், மேல்நோக்கி இருந்தால் ஆழ்ந்து கறுக்கும். உடம்பை வழுக்கும் திசை கீழ்நோக்கி இருக்கும்படி வெட்டுங்கள். புள்ளிகளை அதே துணியிலிருந்து எடுத்து, தலைகீழாகத் திருப்பி வைத்துத் தையுங்கள். நேராக நின்றால் முழுக் கறுப்பு. ஓரடி தள்ளி நின்றால் வட்டங்கள் எழும்பி வரும். பெயிண்டில் இது கிடைக்காது, அதனால்தான் துணியில் செய்யத் தகுந்த விலங்கு இது. வெல்வெட்டை முகப்பக்கம் இஸ்திரி போட்டால் முடி நசுங்கி இந்த வித்தையே போய்விடும். ஆகவே பசைத்தாள் வேண்டாம், விளிம்பைச் சுற்றிச் சிறு மறைதையல் போடுங்கள். வழுக்கும் திசையைப் பின்பக்கம் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போட்டுவையுங்கள். இருபது துண்டு வெட்டிய பிறகு எது எந்தத் திசை என்று தெரியாமல் போகும்.

உங்கள் பகுதியிலேயே, தாவரவியல் பூங்காவிலும் பினாங்கு மலையிலும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லங்கூர் குரங்குகளை உட்கார்ந்து பார்த்து வரையலாம். வளையத்தை ஒரே துண்டாக வெட்டி ஒட்டினால் மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி ஆகும். கண்ணிலிருந்து வெளிநோக்கிச் சிறு தையல்களாகப் போட்டு, மேல்பக்கம் அடர்த்தியாகவும் கீழ்ப்பக்கம் தளர்வாகவும் விடுங்கள்.

மெழுகு பிடித்தால் பாட்டிக் வழியும் உண்டு. பாட்டிக்கை ஓவிய ஊடகமாக்கியவர் என்று போற்றப்படும் சுவா தியான் டெங் பினாங்கில்தான் வேலை செய்தார். பாட்டிக்கில் மிக வெளுப்பான இடத்தை முதலில் மெழுகால் காத்து, பிறகு படிப்படியாகக் கறுப்புக்குப் போகவேண்டும். டோனை முன்கூட்டியே திட்டமிடாமல் அதில் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது என்பதால், ஒரு சிறு துண்டிலாவது செய்து பார்ப்பது நல்ல பயிற்சி.

பசையைப் பற்றிக் கேட்டீர்கள். மெல்லிய துணிக்கு வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்வதால்தான் ஊறுகிறது. நீர்க்காமல், பிரஷில் தொட்டுத் துணியின் நடுவில் மட்டும் மெல்லியதாகத் தடவி, ஓரத்தில் 3 மி.மீ. விட்டு, அந்த ஓரத்தை நூலால் பிடியுங்கள். அரிசிக் கஞ்சி, மைதாப் பசை வேண்டாம். நம் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளிமீன் பூச்சி தின்ன வரும். மழைக்காலத்தில் ஒட்டிய படத்தை ஒரு முழு நாள் மின்விசிறிக் காற்றில் விட்ட பிறகே தைக்கவோ சட்டம் போடவோ செய்யுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது ஊசி குத்தினால் பசை நூலோடு மேலே வரும். கண்ணாடிச் சட்டம் போட்டால் கண்ணாடி துணியைத் தொடாதபடி ஓரத்தில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், வெல்வெட் இருந்தால் 5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். வெளிச்சுவரில், மழைநீர் இறங்கும் பக்கம் மாட்டாதீர்கள்.