கன்வெர்ட்டரைத் தூக்கிட்டு பேனா பாடியிலேயே மை ஊத்தலாமா?

கேள்வி: தினம் பத்துப் பதினஞ்சு பக்கம் நோட்ஸ் எழுதுறேன், பேனாவுக்குள்ள மையை உறிஞ்சி வைக்கிற அந்த கன்வெர்ட்டர் குழாய்ல மை பத்தவே மாட்டேங்குது. அதைக் கழட்டிட்டு பாடியிலேயே மை ஊத்தலாமா? நிப்பும் கீறுது, உப்புத்தாள்ல தேய்ச்சா சரியாகுமா?

பதில்: தாராளமா ஊத்தலாங்க. பெரும்பாலான கன்வெர்ட்டர்ல ஒரு மில்லி கூட பிடிக்காது, பாடியில நேரா ஊத்தினா ரெண்டு மூணு மில்லி போகும். திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம்னு நம்ம பக்கத்து கைவேலை பேனாவுல இந்த ஐட்ராப்பர் பழக்கம், அதாவது சொட்டுக்குழாயால பாடியிலேயே மை ஊத்தறது, ரொம்ப காலமா உண்டு.

ஆனா எல்லா பேனாவும் தாங்காது. பாடி உலோகமா இருந்தா விட்டுடுங்க, பைலட் மெட்ரோபாலிட்டன் மாதிரி பித்தளை பாடியில மை நின்னு நின்னு அரிச்சிடும். லாமி சஃபாரில பக்கத்துல ஜன்னல் மாதிரி திறந்திருக்கும், ஊத்தினா உங்க சட்டைக்குத்தான். வேற பேனான்னா பாடியை வாயில வச்சு ஊதிப் பாருங்க, காத்து எங்கயும் வெளிய போகக்கூடாது. முதத் தடவைக்கு பிளாட்டினம் பிரெப்பி போதும், சொதப்பினாலும் மனசு வலிக்காது.

நாங்க ஸ்கூல்ல படிக்கறப்ப கழுத்து மரையில தையல் நூலைச் சுத்தி இறுக்குவோம், மெழுகுவர்த்திய தேய்ப்போம், அப்பவும் நடுவிரல் நீலமாத்தான் இருக்கும். இப்ப சிலிகான் கிரீஸ் இருக்கு, பல்குத்துற குச்சியில துளி எடுத்து மரை முழுக்க மெல்லிசா தடவி, மரை முடியற இடத்துல ஒரு சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டி இறுக்குங்க. வாசலின் மட்டும் வேணாம், ரப்பர் ரிங்கை கெடுத்துடும். மை ஊத்தறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி மூடி போட்டு டிஷ்யூல சுத்தி ராத்திரி படுக்க வைங்க, காலைல டிஷ்யூ காஞ்சிருந்தா பாஸ்.

ஒரு விஷயம், மை குறைய குறைய உள்ள காத்து அதிகமாகும், கைச்சூட்டுல அது விரிஞ்சு மையை வெளிய தள்ளும், அதான் திடீர்னு பேப்பர்ல கக்குறது. மூணுல ஒரு பங்கு இருக்கும்போதே ரொப்பிடுங்க.

நிப்புக்கு வர்றேன். உப்புத்தாள் வேணவே வேணாம், நுனியில இருக்கற அந்தப் பொட்டு உலோகம் தேஞ்சா நிப்பு போச்சு. பெரும்பாலும் கீறலுக்குக் காரணம் நிப்பு நடுவுல பிளந்து நிக்கற ரெண்டு பல்லும் சமமா இல்லாததுதான். லென்ஸ்ல நுனியை நேரா பாருங்க, ஒண்ணு தூக்கிட்டு நின்னா நகத்தால அதை மட்டும் லேசா கீழ அமுக்குங்க, எழுதிப் பாருங்க, மறுபடி அமுக்குங்க. அப்பவும் கீறினா 12000 மைக்ரோமெஷ்ல (பாலிஷ் போடற ரொம்ப நைசான தாள்), நிப்புல மை இருக்கும்போதே, அழுத்தாம 8 வடிவத்துல நாலஞ்சு தடவை எழுதி நிறுத்திடுங்க. நான் அந்த நாலஞ்சோட நிறுத்தாம சீரியல் பாத்துக்கிட்டே தேய்ச்ச நிப்பு ஒண்ணு வீட்ல இருக்கு, வெண்ணெய் மாதிரி வழுக்குது, ஆனா ஒவ்வொரு வார்த்தைலயும் முத கோடு விழவே மாட்டேங்குது.