சாக்கடையே இல்லாத வீட்டில் பகலில் கொசு கடிப்பது ஏன்?

பகலில் கடிப்பது பெரும்பாலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவாகத்தான் இருக்கும். அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டிலும் வாசலிலும் தேங்கும் தெளிந்த நீரிலேயே பெருகுகிறது. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும் என்பதால், தேங்கிய நீரை அகற்றுவதற்கென்றே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

பலரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நேர்கிறது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருந்து, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே குடமோ டிரம்மோ, உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே நீர் பிடித்து, வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லா இடத்தையும் பார்த்த பிறகும் கொசு குறையவில்லை. கடைசியில் ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டில் டார்ச் அடித்தபோது, வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. மணிபிளான்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபனும் ரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும் என்பதால், அவற்றை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.