வயதான பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒத்துவரும், வெயில் தாங்கும், பின்னாளில் மாற்றிக்கொள்ளக்கூடிய வீட்டை எப்படித் திட்டமிடுவது?

கேள்வியோடு சோலார் பலகை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கைப்பேசியிலேயே அணைக்கிற விளக்கு என்று ஒரு பட்டியலும் போட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் குடிபோன பிறகும் வாங்கிக்கொள்ளலாம். மாடிப்படி எங்கே, கீழே கழிவறை எங்கே, கதவு எவ்வளவு அகலம் என்பதைத்தான் பிறகு சுலபத்தில் மாற்ற முடியாது. நான் இன்ஜினியர் இல்லை. நாகர்கோவில் பக்கம் ஐந்து சென்ட்டில் ஒரு வீடு கட்டிக் குடியிருப்பவன், அவ்வளவுதான்.

எங்களுக்கு முதலில் வரைந்து தந்த பிளானில் படி ஹாலுக்குள் இருந்தது, சினிமாவில் வருகிற மாதிரி. வெளியே வைக்கச் சொன்னேன். மாடியில் சமையலறைக்கு வேண்டிய தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் அப்போதே இழுத்து மூடி போட்டுவிட்டோம். முதலில் மாடி எங்கள் படுக்கையறைகள். அப்புறம் தம்பி குடும்பம் கொஞ்ச காலம் இருந்தது. இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு சுவரைக்கூட இடிக்கவில்லை.

சுவர் கதை கொஞ்சம் பெரியது. எலிப்பொறிக் கட்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, ஒன்பது இஞ்ச் சுவருக்கு நடுவே மூன்று இஞ்ச் இடைவெளி விட்டுக் கட்டுவது. கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம், கலவையும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலை அவ்வளவு சீக்கிரம் உள்ளே விடாது. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் இதை அந்தப் பக்கமெல்லாம் பரப்பினார். எங்கள் கொத்தனார் ஒப்பவில்லை. “கல்லக் குத்தவச்சுக் கட்டுனா செவரு நிக்குமா சார்? நாளைக்கு எம் பேருதான கெட்டுப்போவும்” என்றார். நியாயமான பயம்தான்.

சரி என்று அவரையும் அவர் மருமகனையும் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனேன். இந்த முறையில் கட்டிய பூசாத வீடுகளைத் தெருவில் நின்றே காட்டினேன். பிறகு தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். படியே இல்லாமல் சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிற தளம், ஓரமெல்லாம் மேசை, சுவர் நெடுக காற்றுக்கு ஓட்டைகள். கொத்தனார் காபியை ஆற விட்டுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே மேலே போய்விட்டார். இறங்கி வந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, “இதக் கட்டுன கொத்தன் யாரு?” பேக்கர் பெயரை நான் சொல்ல, அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஊருக்கு வந்து எங்கள் சுவரை நூல் பிடித்த மாதிரி கட்டிக் கொடுத்தார். அடி வரிசை, ஜன்னலுக்குக் கீழ், லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் விட்டம்) ஆகிய இடங்களில் இடைவெளி விடாமல் கட்ட வேண்டும். இதைத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கல்லும் கோணல் இல்லாமல் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

வெளியே பூசவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சித்தப்பா, “என்னல மக்கா, பூசுறதுக்குப் பைசா இல்லாம போச்சா?” என்று பந்தியில் வைத்தே கேட்டார். அவர் வீட்டில் இப்போது மூன்று ஏசி ஓடுகிறது. எங்களிடமும் ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் போடுவோம்.

இடித்த பழைய வீட்டின் மங்களூர் ஓடுகளைக் கான்கிரீட் தளத்துக்குள் கம்பிகளுக்கு நடுவே வைத்தோம். தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் அல்ல. அங்கே ஓடு உட்கார்ந்தால் சிமெண்ட் குறையும். இதற்கு மட்டும் இன்ஜினியர் கணக்குப் போட்டே ஆக வேண்டும். அயனி மரக் கதவுகளும் பழசுதான்.

இப்போது அம்மா. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபோது, கீழே என் வேலைக்கென்று வைத்திருந்த அறை அவர் அறை ஆனது. ஒட்டியே கழிவறை, அதன் கதவும் மூன்றடி அகலம், சக்கர நாற்காலி இடிக்காமல் போகும். அந்தக் கழிவறைச் சுவரை மட்டும் எலிப்பொறியாக இல்லாமல் கெட்டியாகக் கட்டச் சொல்லியிருந்தேன். பிடிகம்பி அடித்தால் திருகாணி வெற்றிடத்தில் போய் நிற்கக் கூடாதே. வாசலுக்குச் சரிவுப்பாதை வேண்டுமென்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் வீடு தரையிலிருந்து இரண்டடி, ஆக இருபத்துநாலு அடி. முன்னால் இடமில்லை. பக்கவாட்டில் சுற்றிக் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னது கொத்தனார்தான், காபி ஹவுஸ் புண்ணியம்.

காம்பவுண்டுக்கு வெளியே தெருவைப் பார்த்து ஒரு திண்ணை. “கண்டவனும் உக்காருவான்” என்று வீட்டிலேயே எதிர்ப்பு. உட்காரத்தானே கட்டியது! மீன்காரம்மா சருவத்தை இறக்கி வைத்து அம்மாவிடம் ஊர்க்கதை பேசுவார். பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் அங்கேதான் நிற்கும். ராத்திரி பாட்டிலோடு வந்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய விளக்கு ஒன்று போட்ட பிறகு வருவதில்லை.

இதெல்லாம் காசுள்ளவன் பொழுதுபோக்கு என்று கருத்துப் பெட்டியில் எழுத வருகிறவர்களுக்கு: வங்கிக் கடனில் கட்டிய வீடு இது. தவணை இன்னும் ஓடுகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டை என்ன உயரத்தில் கட்டினாலும் தெரு மேலே வந்துவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை விட்டார். எங்கள் தெருவில் சாலை போட்ட ஒப்பந்தக்காரர் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை, பழசின் மேலேயே போட்டுவிட்டுப் போனார். இப்போது மழைத் தண்ணீர் திண்ணை விளிம்பைத் தொடுகிறது. கேட்டால், “நீங்க வீட்ட ஒசத்திக்கிடுங்க” என்கிறார். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்கள் என்ன கூலி வாங்குகிறார்கள் என்று இவருக்குத் தெரியுமா?

நீங்கள் கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் தெருவில் பழைய வீடுகளின் வாசற்படி எத்தனை புதைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அதற்கு மேல் உயரம் வையுங்கள். பிளானை இங்கே போட்டால் படி, கழிவறை, கதவு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாஸ்து மட்டும் கேட்காதீர்கள்.